ஆறு மணி நேர மாத்திரை

மடத்துக்குளத்தில் என் பெரியம்மா வீட்டு பீரோவின் மேல் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. ரேஷன் கார்டு, பாஸ் புக், கரண்ட் பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் லாக்கர். 2017 தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து, 'பழைய சீட்டு இருந்தா கொண்டு வாங்க' என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் அந்த டின்னைக் கட்டிலில் கவிழ்த்தேன். சீட்டு கிடைத்தது. கூடவே ஏழு அட்டை மாத்திரை விழுந்தது. ஏழும் ஒரே மாத்திரை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பிரஷர் மாத்திரையைத் தேடினேன். அது ஒழுங்காகத் தீர்ந்துபோய், கடைசி அட்டையில் நாலு பாக்கி இருந்தது. இது மட்டும் ஏன் இப்படிச் சேர்ந்து கிடக்கிறது?

சீட்டைப் பார்த்தேன். 'ஃபுரோசமைடு 40, காலை ஒன்று.' ஊரில் அதற்குப் பெயர் நீர் மாத்திரை.

பெரியம்மாவுக்கு அப்போது 57 வயது. பிரஷர் பல வருஷமாக உண்டு. பெரியப்பா போன பிறகு, பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காலை ஆறே முக்காலுக்கு கம்பெனி பஸ் வரும். உடுமலை வழியாக ஒன்றரை மணி நேரம். அங்கே போய் நின்றபடி, தைத்து வரும் டி-ஷர்ட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சரியாக இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் ஆல்டர். சாயங்காலம் அதே பஸ்.

நாலு மாதத்துக்கு முன் கால் வீங்கியது. அதற்குத்தான் டாக்டர் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். "நாள் பூரா நின்னா வீங்காம என்ன பண்ணும்?" என்று பெரியம்மா அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். பிறகு இருமல் வந்தது. அதற்குப் பஞ்சுத் தூசி காரணம். எங்கள் பக்கம் யாருக்கு மூச்சு வாங்கினாலும் முதல் குற்றவாளி பஞ்சுத் தூசிதான். ராத்திரி ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்தார். அதற்கு வயசு காரணம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தீபாவளிக்குப் போயிருந்த எனக்கும் தோன்றவில்லை. முறுக்கும் மிக்சரும் தட்டில் வைத்துக் கொடுத்தார். நானும் தின்றேன், அவரும் தின்றார்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணன் வந்து எழுப்பினார். அண்ணன் என்றால் பெரியம்மாவின் மகன். பெரியம்மா வாசற்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பேச முடியவில்லை. மூச்சு விடும்போது உள்ளே உலை கொதிக்கிற மாதிரி சத்தம். உதடு கறுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். உடுமலை போய்ச் சேரும்வரை பெரியம்மா படுக்கவே மறுத்துவிட்டார். படுத்தால் மூழ்குகிற மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். அது உவமை இல்லை. நிஜமாகவே மூழ்கிக்கொண்டிருந்தார், சொந்தத் தண்ணீரில்.

"நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு" என்றார் டியூட்டி டாக்டர். மூக்கில் ஆக்ஸிஜன். கையில் ஊசி. ஒரு சின்ன கண்ணாடிக் குப்பியை உடைத்து மருந்தை மெதுவாக ஏற்றினார்கள். சிறுநீருக்கு டியூப் போட்டுக் கட்டிலின் ஓரத்தில் பை மாட்டினார்கள். பத்து நிமிஷத்தில் பையில் சொட்ட ஆரம்பித்தது. விடிவதற்குள் ஒரு லிட்டர். மத்தியானத்துக்குள் இரண்டு. ஒவ்வொரு நூறு மில்லிக்கும் பெரியம்மாவின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சாயங்காலம் ஒரே தலையணையில் மல்லாந்து படுத்துத் தூங்கினார். பல நாள் கழித்து முதல் தூக்கம்.

குப்பியில் இருந்ததும் அதே ஃபுரோசமைடுதான். டின்னுக்குள் ஏழு அட்டை கிடந்ததே, அது.

மறுநாள் மெதுவாகக் கேட்டேன். "ஏன் பெரிம்மா, இதை மட்டும் சாப்பிடலீங்களா?"

சுவரைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போட்டுக்குவேன்."

"மத்த நாளு?"

"மத்த நாளு பஸ்ஸுல எங்க சாமி போறது?"

நாலு மாதம். பதினாறு ஞாயிற்றுக்கிழமை. ஓர் அட்டை தீர்ந்து ஏழு அட்டை பாக்கி. செக்கிங்காரர் கணக்கு தப்பவில்லை. தீபாவளி லீவில் போட்டிருக்கலாமே என்றால், "வீடு நெறையா சனம், ஒரே கக்கூஸு" என்றார்.

இந்த மாத்திரையின் கம்பெனிப் பெயர்களில் பிரபலமானது லாசிக்ஸ். ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் கம்பெனி 1960களில் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஆறு மணி நேரம் நிற்கும் என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர் என்பார்கள். விழுங்கிய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பிக்கும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சம். காலை ஆறு மணிக்கு விழுங்கிவிட்டு ஆறே முக்காலுக்கு பஸ் ஏறுகிற பெண்மணிக்கு அந்த உச்சம் எங்கே வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவில், அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸில். கம்பெனிக்குப் போன பிறகும் மத்தியானம் வரை ஓயாது. இரண்டாம் தடவை எழுந்து போனால் சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பார். மூன்றாம் தடவை வாயைத் திறப்பார்.

டாக்டர் மாதாமாதம் "மாத்திரையெல்லாம் கரெக்டா சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "சாப்பிடறனுங்க" என்று இவரும் சொல்லியிருக்கிறார். பின்னால் பத்துப் பேர் டோக்கனோடு நிற்கையில், மகன் வயசு டாக்டரிடம், 'பஸ்ஸில் ஒண்ணுக்கு வந்தால் எங்கே போவது' என்று ஒரு பொம்பளை எப்படிக் கேட்பாள்? 'எந்த பஸ்ஸில் போகிறீர்கள்' என்று அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இதயம் ஃபெயிலியர் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து அண்ணன் பயந்துவிட்டார். "ஃபெயிலியர்னா நின்னு போச்சுங்களா?" டாக்டர் சிரித்தார். "நிக்கல. களைச்சுப் போயிருக்கு." பல வருஷம் அதிக பிரஷரை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் தசை தடித்து, பிறகு தளர்ந்துபோகிறது. மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பு ஒரு நிமிஷத்துச் சமாசாரம். இது மாதக்கணக்கில் வருவது. அதனால்தான் பஞ்சுத் தூசி, வயசு, நின்ற கால் என்று ஆளுக்கொரு பெயர் வைத்து ஏமாற முடிகிறது.

அண்ணனுக்கு இன்னொரு சந்தேகம். "நோவு நெஞ்சுல. மருந்து கிட்னிக்கு. இது என்ன கணக்கு தம்பி?"

அவருக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. ஏனென்றால் அவர் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். உப்புதான் சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிக்குத் தள்ளும். மிச்சமாகும் உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் நொய்யலில் போய்ச் சேர்ந்ததும், ஒரத்துப்பாளையம் அணை பாழானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது அதற்குப் பிறகு.

"கிட்னியும் ஒரு சுத்திகரிப்பு நிலையம்தான் அண்ணா. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது. அதுல ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு கரைஞ்சிருக்கு. கிட்டத்தட்ட எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டு ஒண்ணு ரெண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுது."

"180-ல ரெண்டா? எங்க பட்டறையில இந்த அளவுக்கு மீட்டா முதலாளி கோயில் கட்டிருவாரு."

இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. இதயம் பழுது என்று சிறுநீரகத்துக்குத் தெரியாது. 'உடம்பு காய்ந்துவிட்டது, வெயிலோ வெட்டுக்காயமோ' என்று நினைத்துக்கொண்டு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்க ஆரம்பிக்கிறது. காட்டில் வேட்டையாடித் திரிந்த மனிதனுக்கு அது உயிர் காத்த புத்தி. செக்கிங் டேபிளில் நிற்கும் பெரியம்மாவுக்கு அதுவே எமன். பிடித்து வைத்த தண்ணீர் முதலில் காலில் தேங்கும். பிறகு நுரையீரலுக்கு ஏறும். தளர்ந்த இதயம் இன்னும் அதிகச் சுமையை இழுக்க வேண்டும். இழுக்க முடியாமல் இன்னும் தளரும். சிறுநீரகம் இன்னும் பிடித்து வைக்கும்.

இந்தச் சுற்றை மாத்திரை ஓரிடத்தில் அறுக்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாயில் ஹென்லே வளைவு என்று ஓரிடம். வடிகட்டிய உப்பில் ஏறக்குறைய கால்வாசி அங்கேதான் மீட்கப்படுகிறது. ஃபுரோசமைடு அந்த வாசலை அடைக்கிறது. உப்பு உள்ளே திரும்ப முடியாமல் வெளியே போகிறது. உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகிறது. தயாசைடு என்ற இன்னொரு வகை நீர் மாத்திரை, இன்னும் கொஞ்சம் தள்ளி, சுமார் 5 சதவீத உப்பு மீட்கப்படும் இடத்தை அடைக்கும். அதனால் அது நிதானமானது, பிரஷருக்குத் தோதானது. முன்னது வெள்ளம் வடிக்க.

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "தண்ணிய எடுக்கறது சுளுவு தம்பி. உப்ப எடுக்கறதுதான் பாடு. பட்டறையில அதுக்குத்தான் கோடிக்கணக்குல மெசினு. அப்ப இதுக்கு நீர் மாத்திரைன்னு பேரு வெச்சதே தப்பு. உப்பு மாத்திரைன்னு வெச்சிருக்கோணும்."

புத்தகத்தில் நாலு பக்கம் படித்தும் எனக்கு இப்படிச் சொல்ல வந்ததில்லை. பெயரை மாற்றிப் பார்த்தால் எல்லாம் விளங்குகிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தமும் ஏறக்குறைய அந்தக் கரிப்புத்தான். அதாவது உடம்பில் தங்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கட்டி வைக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது. இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறோம். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு மத்தியானம் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உட்கார்ந்தால், ஒரு கையால் இறைத்து இன்னொரு கையால் ஊற்றுகிற கதை.

இந்த வசதிகூட நேற்று வந்ததுதான். 1870களில் லண்டனில் ரெஜினால்ட் சவுதி என்ற டாக்டர் வீங்கிய காலில் மெல்லிய குழாய்களைக் குத்தி வைத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடித்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் அதுதான் வைத்தியம். 1919-ல் வியன்னாவில் ஆல்ஃபிரெட் வோகல் என்ற மருத்துவ மாணவர், பால்வினை நோயுள்ள ஒரு பெண்ணுக்குப் பாதரச ஊசி போட்டார். அந்த வார்டு நர்ஸுகளுக்குச் சிறுநீரை அளந்து எழுதுகிற நல்ல பழக்கம் இருந்தது. ஊசி போட்ட நாட்களில் மட்டும் அளவு எகிறுவதை அந்த அட்டையில் வோகல் கவனித்தார். அப்படிப் பாதரசம் நீர் மருந்தானது. விஷம்தான், ஆனால் வேறு வழியில்லாமல் 1950கள் வரை அதையே போட்டார்கள்.

அடுத்ததும் தற்செயல்தான். தொற்றுக்குக் கொடுத்த சல்ஃபா மருந்து சிறுநீரில் உப்பை அதிகமாக்கியது தெரிய வந்து, 1949-ல் பாஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் அதை இதயம் தளர்ந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வீக்கம் வடிந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மெர்க் கம்பெனியில் கார்ல் பேயரின் குழு குளோரோதயாசைடு என்ற மாத்திரையைக் கண்டுபிடித்தது. 1958-ல் அது கடைக்கு வந்தது. குழாய் குத்தாமல், பாதரசம் ஏற்றாமல், ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கினால் போதும்.

பிரஷரையும் அது குறைத்தது. ஆரம்பத்தில் உடம்பிலுள்ள நீர் குறைவதால். சில வாரம் போனால் நீரின் அளவு ஏறக்குறைய பழையபடி ஆகிவிடும், ஆனால் ரத்தக் குழாய்கள் தளர்ந்துகொடுப்பதால் பிரஷர் ஏறாது. 'ஒண்ணுக்கு அதிகமா போகலையே, மாத்திரை வேலை செய்யலையோ' என்று பிரஷருக்காகச் சாப்பிடுகிறவர்கள் சந்தேகப்பட வேண்டாம்.

பிரஷரைக் குறைத்தால் ஆயுள் கூடுமா என்பதே ஒரு காலத்தில் விவாதமாக இருந்தது. 1967-ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரைஸ் பதில் சொன்னார். கடுமையான பிரஷர் உள்ள 143 ஆண்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. வெறும் மாத்திரைக்காரர்களில் 27 பேருக்கு விபரீதம் நேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டே பேருக்கு. அந்த மருந்து மூன்றின் கலவை. ஒன்று நீர் மாத்திரை. இன்னொன்று ரிசர்பின், நம் ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது. அந்த வேர் பிரஷருக்குக் கேட்கிறது என்று 1949-ல் ஆங்கில இதழில் எழுதி உலகத்துக்குத் தெரிவித்தவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல்.

பிறகு புதுப் புது மாத்திரைகள் வந்தன. விலையும் ஏறியது. 33,000 பேருக்கு மேல் வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஒப்பீடு நடத்தி 2002-ல் முடிவைச் சொன்னார்கள். புதிய மாத்திரைகள் இரண்டோடு போட்டி போட்ட பழைய நீர் மாத்திரை தோற்கவில்லை. இதயம் தளர்வதைத் தடுப்பதில் இரண்டையும் முந்தியது. பக்கத்தில் இலங்கையில் 700 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்தார்கள். மூன்றில் ஒன்று நீர் மருந்து. ஆறு மாதத்தில் அவர்களில் 70 சதவீதம் பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழக்கமான வைத்தியத்தில் 55 சதவீதம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபுரோசமைடு மூச்சைக் கொடுக்கிறது. ஆயுளைக் கொடுக்க வேறு மாத்திரைகள் கூட வேண்டும். ஸ்பைரனோலாக்டோன் என்ற மென்மையான நீர் மாத்திரையைச் சின்ன அளவில் சேர்த்தால் கடுமையாக இதயம் தளர்ந்தவர்களில் மரணம் 30 சதவீதம் குறைகிறது என்று 1999-ல் தெரிந்தது. சர்க்கரை நோய்க்கு வந்த டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை இல்லாதவர்களின் தளர்ந்த இதயத்துக்கும் உதவுகிறது என்று 2019-ல் தெரிந்தது. அதுவும் கொஞ்சம் நீரைப் பிரிக்கிற மாத்திரைதான்.

பெரியம்மா வீடு திரும்பியதும் ஊர் வைத்தியம் தொடங்கியது. ஒருவர் வாழைத்தண்டுச் சாறு என்றார். இன்னொருவர் பூளைப்பூக் கஷாயம். போகிக்கு வேப்பிலை, ஆவாரம்பூவோடு காப்புக் கட்டுவோமே, அதே பூளைப்பூ. சித்த வைத்தியத்தில் சிறுகண்பீளை என்று நீர் பிரியக் கொடுப்பதுதான். டாக்டர் கோபிக்கவில்லை. "பூவை வாசல்ல கட்டுங்க, வேண்டாங்கல. குடிச்சா எவ்வளவு நீர் போகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரைன்னா 40 மில்லிகிராம்னு தெரியும்" என்றார்.

அதைவிடச் சிக்கல் இளநீர். தென்னந்தோப்பு ஊர். 'நீர் நெறைய போகுது, இளநி குடி' என்று ஆளுக்கொரு காய் வெட்டிக்கொண்டு வந்தார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஃபுரோசமைடும் தயாசைடும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ஸ்பைரனோலாக்டோன் அதைப் பிடித்து வைக்கும். பொட்டாசியம் ரொம்பக் குறைந்தாலும் கூடினாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பெரியம்மாவுக்கு ஸ்பைரனோலாக்டோனும் சேர்த்திருந்தார்கள். ஆக அவருக்கு இளநீர் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகலாம். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்து மாத்திரை வாங்கக்கூடாது என்பது இதனால்தான். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து உப்பு, பொட்டாசியம், கிரியாட்டினின் பார்ப்பதும் இதனால்தான். கால் வலி என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் உப்பைப் பிடித்து வைத்து நீர் மாத்திரையை மழுங்கடிக்கும். நாள் முழுக்க நிற்கிறவர்கள் அதை மிட்டாய் மாதிரி தின்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் பஸ் விஷயத்தை நான்தான் உடைத்தேன். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "காலைலதான் சாப்பிடணும்னு சட்டம் இல்லைங்கம்மா. ராத்திரி தூக்கம் கெடக் கூடாதுன்னுதான் காலைல எழுதறோம். நீங்க கக்கூஸ் பக்கத்துல இருக்கற நேரமாப் பார்த்துச் சாப்பிடுங்க. வெளியூர் போனா போய்ச் சேர்ந்து சாப்பிடுங்க. நேரத்தை மாத்தலாம். எப்படி மாத்தறதுன்னு என்னைக் கேளுங்க. விட்டுட மட்டும் கூடாது."

இவ்வளவுதான் விஷயம். நாலு மாதத்துக்கு முன் இந்த அரை நிமிஷப் பேச்சு நடந்திருந்தால் அந்த ராத்திரி வந்திருக்காது.

தொழிற்சாலையில் போதுமான கழிப்பறை இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, எப்போது வேண்டுமானாலும் போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று 1948-லேயே சட்டம் போட்டாயிற்று. கழிப்பறை கட்டலாம். மூன்றாம் தடவை எழுந்து போகிற பெண்ணை முறைக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதுவது? நீர் மாத்திரை ஓர் அட்டை ஏறக்குறைய டீ விலைதான். அதை விழுங்கக் காசு தடையில்லை. போக ஓர் இடமும், போய் வருகிறேன் என்று சொல்ல வாயும் வேண்டும்.

பெரியம்மா அதற்குப் பிறகு கம்பெனிக்குப் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பிசிர் வெட்டித் தருகிறார். காலை எட்டு மணிக்கு நீர் மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதிலிருந்து ஊழியர் அம்மா வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்.

தினமும் விடிந்ததும் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். அண்ணன் எடை மெஷின் வாங்கி வைத்தார். பெரியம்மா ஒரு நோட்டில் தேதி போட்டு எடையை எழுதுகிறார். எதிரே ஒரு வார்த்தை. ஏறாவிட்டால் 'பாஸ்'. ஏறியிருந்தால் 'ஆல்டர்'. புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் பாஸ். நடுவில் ஒரு பொங்கலுக்கும் ஒரு கிடாவெட்டுக்கும் ஆல்டர்.

போன தடவை நான் போயிருந்தபோது, எதிர் வீட்டுப் பெண் வந்திருந்தாள். கம்பெனிக்குப் போகிறவள். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் புதிதாக மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். சீட்டைக் காட்டினாள். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அட்டையின் நிறம் தெரியும். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன மாத்திரை, எத்தனை வேளை என்றெல்லாம் கேட்கவில்லை.

"நீ எந்த பஸ்ஸுல போற அம்மிணி? எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.